கூட்டம் எந்த இடத்தில் அசைந்தது? சமத்துவ, சமாதான உரைகளைப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போய் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். தலைப்பு சமத்துவம், சகோதரத்துவம், உலக அமைதி என்று எதுவாக இருந்தாலும், பத்துப் பேரில் இரண்டு மூன்று பிள்ளைகள் "எனக்கொரு கனவு உண்டு என்றார் மார்ட்டின் லூதர் கிங்!" என்று கையை உயர்த்துவார்கள். குரல் ஏறும், கை ஏறும். கடைசி பெஞ்சில் ஒரு பையன் கொட்டாவி விடுவான்.

1963-இல் வாஷிங்டனில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவரான கிங் பேசிய இதே வரியைக் கேட்டு ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் ஆர்ப்பரித்தார்கள். இங்கே ஏன் கொட்டாவி? பிள்ளையின் உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் பிள்ளைகள் பலர் நன்றாகவே பேசுகிறார்கள்.

நான் இதற்குக் கண்டுபிடித்து வைத்திருக்கும் விடை இது. ஒரு பேச்சு கூட்டத்தை அசைத்தது என்றால், கூட்டத்தின் கையில் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு பொருளைப் பேச்சாளர் எடுத்து, அவர்களிடமே திருப்பிக் கொடுத்திருப்பார். ஞாயிறுதோறும் கேட்ட வேத வசனம், பள்ளியில் பாடிய பாட்டு, கடன் கேட்கப் போன இடத்தில் பட்ட அவமானம் என்று எதுவாகவும் இருக்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஒரு கோரிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கும். வாஷிங்டன் கூட்டத்தின் கையில் இருந்த பொருள் நம் பள்ளி அரங்கத்தில் யார் கையிலும் இல்லை. அதனால்தான் அந்த வரி இங்கே வெறும் வரியாக விழுகிறது.

அந்தப் பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. மாதிரிக்குக் கிங்கின் உரையையே எடுத்துக்கொள்கிறேன். ஒலிப்பதிவும் காணொளியும் எழுத்து வடிவமும் கிடைக்கின்றன. கையில் என்ன எழுதிக்கொண்டு போனார், மேடையில் என்ன பேசினார் என்ற இரண்டுமே தெரிந்திருப்பது இன்னும் பெரிய வசதி. ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, ஒரு முழு மாலைப்பொழுது இருந்தால் போதும்.

முதல் படி: பேச்சைத் திறக்காதீர்கள், அந்த நாளை விசாரியுங்கள்

பலரும் உரையைத் திறந்ததும் அழகான வரிகளுக்குக் கீழே கோடு போட ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோல விசாரியுங்கள். யார் கூட்டினார்கள், யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, வெயிலா மழையா, இவருக்கு முன்னால் யார் பேசினார்கள்?

1963 ஆகஸ்ட் 28, புதன்கிழமை. கூட்டத்தின் பெயர் "வேலைக்கும் சுதந்திரத்துக்குமான வாஷிங்டன் பேரணி". வேலை என்ற சொல் முதலில் வருவதைக் கவனியுங்கள். நம் மேடைகளில் அது காணாமலே போய்விட்டது. ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் என்ற மூத்த தொழிற்சங்கத் தலைவர் கூட்டினார். பேயர்ட் ரஸ்டின் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டார். நல்ல ஒலிபெருக்கி வேண்டும், செலவைப் பார்க்கக் கூடாது என்பதில் ரஸ்டின் பிடிவாதமாக இருந்தார். பேச்சு காதில் விழாத கூட்டம் எந்த நேரமும் கலையும், கலவரமாகவும் மாறும் என்று அவருக்குத் தெரியும். ஒலிபெருக்கி அமைப்பை முந்தைய நாள் யாரோ சேதப்படுத்தியிருந்தார்கள். ராணுவத்தின் தொழில்நுட்பப் பிரிவு வந்துதான் சரிசெய்தது. மைக் செட்காரரை விழாவின் கடைசி ஆளாக நினைக்கும் நம் ஊர் அமைப்பாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இடம், ஆபிரகாம் லிங்கன் நினைவு மண்டபத்தின் படிக்கட்டு. பேச்சாளரின் முதுகுக்குப் பின்னால் லிங்கனின் பெரிய சிலை. அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தை லிங்கன் வெளியிட்டது 1863 ஜனவரி 1. சரியாக நூறாவது ஆண்டு. முக்கியப் பேச்சாளர்களில் கிங்தான் கடைசி. காலையிலிருந்து வெயிலில் நின்ற ஜனங்கள், கால்களைக் குளத்து நீரில் தொங்கவிட்டபடி இருந்தவர்கள், கிளம்பிப் போக ஆரம்பித்தவர்கள் என்று எல்லோரும் கலந்திருந்த பிற்பகல் அது. அவருக்குச் சற்று முன்னால் மஹாலியா ஜாக்சன் என்ற தேவாலயப் பாடகி பாடிக் கூட்டத்தைத் தட்டி எழுப்பியிருந்தார்.

இவ்வளவும் நோட்டில் ஏறிய பிறகு உரையைத் திறக்கலாம்.

இரண்டாம் படி: எழுத்தைப் பார்க்காமல் ஒரு முறை கேளுங்கள்

ஆங்கிலம் முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த முறை நீங்கள் கேட்கப்போவது கூட்டத்தைத்தான். எந்த நிமிடத்தில் கைதட்டல், எந்த இடத்தில் "யெஸ்", எங்கே முணுமுணுப்பு, எங்கே அமைதி என்று மட்டும் நேரத்தைப் போட்டுக் குறியுங்கள்.

வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். அண்ணாவி ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" இல்லாவிட்டால் கதை நகராது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாப்டிஸ்ட் தேவாலயங்களில் சபை முழுவதுமே அப்படி "ஆமா" போடும். போதகர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார், சபை பதில் தரும், அந்தப் பதிலின் மேல் ஏறி அடுத்த வாக்கியம் வரும். கிங் போதகரின் மகன், போதகரின் பேரன், தானும் போதகர். அவருடைய இடைவெளிகள் மறந்துபோன இடைவெளிகள் கிடையாது, கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்த இடம்.

உரை ஏறத்தாழ பதினாறு, பதினேழு நிமிடம். மொத்தச் சொற்கள் சுமார் 1,650. அப்படியென்றால் நிமிடத்துக்கு நூறு சொல் அளவில்தான் பேசியிருக்கிறார். நம் போட்டி மாணவர் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கட்டுரையையே கொட்டிவிட்டு மூச்சு வாங்குவதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கண்ணில் படும். முதல் பத்து நிமிடத்துக்கு மேல் அவர் கண் அடிக்கடி தாளுக்குப் போகிறது. அப்புறம் ஒரு கட்டத்தில் தலை நிமிர்கிறது, திரும்பத் தாளுக்குப் போவது அரிதாகிறது. அந்த நேரத்தைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள், நான்காம் படியில் வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: கடன் வாங்கிய பொருள்களைப் பட்டியலிடுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். உரையின் எழுத்து வடிவத்தை எடுத்து, பேச்சாளரின் சொந்தச் சரக்கு அல்லாத எல்லாவற்றையும் ஒரு நிறத்தில் வட்டமிடுங்கள். கிங்கின் உரையில் தாளே நிறம் மாறிப்போகும்.

முதல் கடன் லிங்கனிடம். லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை இருபதுகளில் எண்ணும் பழைய பாணியில் தொடங்கும்: "நான்கு இருபதும் ஏழும் ஆன ஆண்டுகளுக்கு முன்". கிங் "ஐந்து இருபது ஆண்டுகளுக்கு முன்" என்று தொடங்குகிறார். அமெரிக்கப் பள்ளியில் படித்த எவருக்கும் பொறி தட்டும். தமிழில் நாம் இதை "நூறு ஆண்டுகளுக்கு முன்" என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். பொருள் சரி, பொறி அவிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நம்மிடம் லிங்கனின் அந்த வரி மனப்பாடமாக இல்லையே.

இரண்டாவது, நாட்டை நிறுவியவர்களின் சுதந்திரப் பிரகடனமும் அரசியல் சட்டமும். இவற்றை அவர் புரோநோட்டு என்கிறார். எல்லா மனிதருக்கும் உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை உண்டு என்று நாடு எழுதிக் கையெழுத்திட்ட புரோநோட்டு. கறுப்பின மக்கள் அதை மாற்றப் போனால், கணக்கில் பணம் இல்லை என்று செக் திரும்பி வருகிறது. நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்று நம்ப மறுக்கிறோம், பணத்தை வாங்கிக்கொண்டு போகத்தான் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்கிறார். கனவுப் பகுதியைவிட இந்தப் பகுதிதான் உரையின் முதுகெலும்பு என்பது என் கட்சி. கடன் கொடுத்தவன் கெஞ்ச மாட்டான், வாசலில் நின்று கேட்பான். கூட்டத்தின் நிலையை ஒரே உவமையில் மனுதாரரிலிருந்து கடன் கொடுத்தவராக மாற்றிவிட்டார்.

இந்த உவமை வந்த வழியும் சுவையானது. உரையின் வரைவில் உதவியவர் கிளாரன்ஸ் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர். அந்த ஆண்டு அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் நடந்த உரிமைப் போராட்டத்தில் சிறைப்பட்டவர்களை ஜாமீனில் எடுக்கப் பெரும் தொகை தேவைப்பட்டது. பணம் வாங்கப் போன இடத்தில் தன்னையே ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்று ஜோன்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள் அவர் மனதில் இருந்திருக்கிறது.

மூன்றாவது வேதாகமம். "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும்" என்பது ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாக்கு. பள்ளம் உயரும், மலை தாழும், கோணல் நேராகும் என்பது ஏசாயா. "நாங்கள் திருப்தி அடைய மாட்டோம்" என்று அடுக்கிக்கொண்டே வந்து, "நீதி நதியாகப் புரளும்வரை" என்று முடிக்கும்போது, போராட்டக் கோரிக்கை வேதத்தின் கட்டளையாகிவிடுகிறது. அதை மறுக்கும் வெள்ளைக்காரக் கிறிஸ்தவர் தன் வேதத்தையே மறுத்தாக வேண்டும்.

நான்காவது, பள்ளிப் பிள்ளைகள் பாடும் ஒரு தேசபக்திப் பாட்டு. மலைச் சரிவுகள்தோறும் சுதந்திரம் ஒலிக்கட்டும் என்று முடியும். இதற்கு அதே படிக்கட்டில் ஒரு முன்கதை உண்டு. 1939-இல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு வாஷிங்டனின் பெரிய அரங்கம் ஒன்று மறுக்கப்பட்டது. ஈஸ்டர் ஞாயிறு அன்று அவர் லிங்கன் மண்டபப் படிக்கட்டில் நின்று பாடினார். முதலில் பாடியது இந்தப் பாட்டைத்தான். கூட்டத்தில் இருந்த வயதானவர்களுக்கு அது நினைவில்லாமல் இருந்திருக்காது.

முடிவுப் பகுதிக்கும் ஒரு முன்னோடி இருக்கிறார். 1952-இல் ஆர்ச்சிபால்ட் கேரி என்ற போதகர் குடியரசுக் கட்சி மாநாட்டில் இதே பாட்டை எடுத்து, மலை மலையாகப் பெயர் சொல்லி முடித்திருந்தார். திருட்டு என்று சிலர் சொல்வதுண்டு. தேவாலய மேடையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்து வளர்ப்பது வழக்கம். ஒரே ராகத்தை எத்தனை வித்வான்கள் பாடவில்லை?

நான்காம் படி: தாளுக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்

எல்லா உரைக்கும் இந்தப் படி கைகூடாது. வரைவு கிடைத்தால் விடாதீர்கள்.

கிங் கையில் வைத்திருந்த தாளில் கனவே இல்லை. முந்தைய இரவு ஆலோசனையின்போது, கனவு வேண்டாம், பலமுறை சொல்லித் தேய்ந்துவிட்டது என்று உதவியாளர் வயட் வாக்கர் தடுத்திருந்தார். அது உண்மையும்கூட. 1962 நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் என்ற ஊரில் பேசியிருக்கிறார், 1963 ஜூன் 23 அன்று டெட்ராய்ட்டில் பெருங்கூட்டத்தில் பேசியிருக்கிறார்.

தாளில் முடிவுக்கு அருகே இருந்த ஒரு வரி இது: படைப்பூக்கமுள்ள அதிருப்தியை வளர்க்கும் சர்வதேசச் சங்கத்தின் உறுப்பினர்களாக நம் ஊர்களுக்குத் திரும்புவோம். படிக்கும்போதே நாக்கு சுளுக்குகிறது. மேடையில் அந்த இடத்துக்கு வந்தவர் அதைத் தாண்டிவிட்டார். பதிலுக்கு, மிசிசிப்பிக்குத் திரும்பிப் போங்கள், அலபாமாவுக்குத் திரும்பிப் போங்கள், தென் கரோலினாவுக்கு, ஜார்ஜியாவுக்கு, லூசியானாவுக்கு என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார். கூட்டத்தில் இருந்த பலரின் சொந்த மண் அது. சங்கத்தின் பெயர் தாளோடு போயிற்று, ஊரின் பெயர் காதில் நின்றது. பேச்சுக்கலை வகுப்பில் ஒரே ஒரு உதாரணம் சொல்ல அனுமதித்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து மஹாலியா ஜாக்சன், "கனவைப் பற்றிச் சொல்லு மார்ட்டின்" என்று குரல் கொடுத்தார். டெட்ராய்ட் பேச்சில் கனவு என்ன செய்தது என்று அவருக்குத் தெரியும். கிங் தாளை ஒதுக்கினார். அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்ற ஜோன்ஸ் பக்கத்தில் இருந்தவரிடம், இந்த ஜனங்களுக்குத் தெரியாது, இப்போது இவர்கள் தேவாலயத்துக்குப் போகப்போகிறார்கள் என்றாராம்.

இதைக் கேட்டுவிட்டு, "தயாரிப்பில்லாமல் பேசினால்தான் உணர்ச்சி வரும்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அது பல ஊர்களில் பேசிப் பேசிப் பழுத்த பகுதி. அன்றைக்கு அவர் முடிவெடுத்தது, எதை எப்போது எடுப்பது என்பதை மட்டுமே.

ஐந்தாம் படி: திரும்ப வருவதை எண்ணாதீர்கள், மாறுவதைப் பாருங்கள்

"எனக்கொரு கனவு உண்டு" எட்டு முறை வருகிறது. "நூறாண்டுகள் கழித்து" நான்கு முறை, "இதுதான் தருணம்" நான்கு முறை. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரே சொல்லைப் பத்து முறை சொன்னால் கூட்டம் கலங்கிவிடும் என்றால் ஆட்டோவில் போகும் தேர்தல் விளம்பரத்துக்கு ஊரே அழ வேண்டும்.

திரும்ப வரும் சொல்லுக்கு அடுத்து என்ன மாறுகிறது என்று பாருங்கள். கனவு நாட்டின் கொள்கையில் தொடங்குகிறது. அடுத்து ஜார்ஜியாவின் செம்மண் குன்றுகள், அங்கே முன்னாள் அடிமைகளின் பிள்ளைகளும் முன்னாள் எஜமானர்களின் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்காருவது. அடுத்து மிசிசிப்பி. அப்புறம் திடீரென்று "என் நான்கு குழந்தைகள்". நாட்டிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. நான்கு பிள்ளைகளும் தோலின் நிறத்தால் இல்லாமல் குணத்தால் எடைபோடப்படும் நாள். இந்த இடத்தில் கூட்டத்தின் ஒலியைத் திரும்பக் கேளுங்கள்.

சுதந்திரம் ஒலிக்கட்டும் என்ற கடைசி அடுக்கும் இதே மாதிரிதான், இன்னும் கூர்மையாக. முதலில் நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க், பென்சில்வேனியா, கொலராடோ, கலிஃபோர்னியா. யாருக்கும் வலிக்காத மலைகள். பிறகு, அது மட்டும் போதாது என்று சொல்லி, ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனுக்கு வருகிறார். 1915-இல் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறிக் கூட்டம் மறுபிறவி எடுத்தது அந்த மலையில்தான். அங்கிருந்தும் சுதந்திரம் ஒலிக்கட்டும் என்கிறார். அடுத்து டென்னசி, கடைசியில் மிசிசிப்பியின் ஒவ்வொரு குன்றும், எலி தோண்டிய மண்மேடும். தேசபக்திப் பாட்டின் அதே மெட்டில், மலை மலையாக ஏறி, எதிரியின் முற்றத்துக்குள்ளேயே போய் நின்றுவிட்டார். மலைகளின் பெயர்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துப் பாருங்கள். வடக்கிலும் மேற்கிலும் சுற்றிவிட்டுப் பேச்சு தெற்கே திரும்பும் இடம் கண்ணுக்கே தெரியும்.

ஆறாம் படி: யாரை உள்ளே அழைத்தார், யாரை வெளியே நிறுத்தினார்?

கோபத்தை மட்டும் தூண்டும் பேச்சுக்கும் சமத்துவப் பேச்சுக்கும் இங்கேதான் பாதை பிரிகிறது. கறுப்பின மக்களின் புதிய போர்க்குணத்தைப் பாராட்டும் அதே மூச்சில், அது எல்லா வெள்ளையர்மீதும் அவநம்பிக்கையாக மாறிவிடக் கூடாது, இங்கே வந்திருக்கும் வெள்ளைச் சகோதரர்களே அதற்குச் சாட்சி என்கிறார் கிங். எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. மால்கம் எக்ஸ் என்ற இன்னொரு கறுப்பினத் தலைவர் அந்தப் பேரணியையே கேலிக்கூத்து என்றார். அவருடைய கோபத்துக்கும் காரணம் இருந்தது. நோட்டில் அதையும் எழுதுங்கள். ஒரு பேச்சு யாரை அசைக்கவில்லை என்று தெரியாமல், யாரை அசைத்தது என்று அளக்க முடியாது.

இங்கே ஒரு கிளைக்கதை. 1959-இல் கிங் இந்தியாவுக்கு வந்தார், தெற்கே கேரளத்துக்கும் போனார். அங்கே ஒரு பள்ளியில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளிடம் தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார்: அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர். முதலில் அதிர்ந்தேன், கொஞ்சம் எரிச்சலும் வந்தது, அப்புறம் யோசித்தபோது ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று புரிந்தது என்று 1965-இல் அட்லாண்டாவில் தன் தேவாலயத்திலேயே இதைச் சொன்னார் கிங். பேச்சாளரையே அசைத்த ஒற்றை வரி அறிமுகம்.

ஏழாம் படி: முற்றிலும் வேறு மாதிரியான உரைகளில் சோதியுங்கள்

ஒரு உரையை வைத்துக் கட்டிய கருத்து அந்த ஒரு உரைக்கே பொருந்தும் ஆபத்து உண்டு. அதனால் தாளம், பாட்டு, பெருங்கூட்டம் எதுவும் இல்லாத உரைகளை எடுங்கள்.

நெல்சன் மண்டேலா, 1964 ஏப்ரல் 20, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நீதிமன்றம். குற்றவாளிக் கூண்டில் நின்று ஏறத்தாழ மூன்று மணி நேரம் வாசித்தார். தொடக்கமே வறண்டது: நான் இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவன், இளங்கலைப் பட்டம் பெற்றவன், ஜோகன்னஸ்பர்கில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவன். நாசவேலைக்குத் திட்டமிட்டதை மறுக்கவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். பிறகு கூலி, ஊட்டச்சத்துக் குறைவு, அடையாளச் சீட்டுச் சட்டம் என்று விவரம் விவரமாக அடுக்குகிறார். இங்கே கேட்பவரின் கையில் இருந்த பொருள் எது? வெள்ளை நீதிபதியும் வெள்ளை வழக்கறிஞர்களும் மதித்த சட்ட மரபு. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய பழைய ஆங்கிலச் சாசனமான மாக்னா கார்ட்டாவையும் ஆங்கில நாடாளுமன்றத்தையும் தான் போற்றுவதாக மண்டேலா சொல்கிறார். உங்கள் தராசிலேயே நிறுத்துப் பாருங்கள் என்கிற தோரணை.

கடைசிப் பத்தியில் தாளை வைத்துவிட்டு நீதிபதியைப் பார்த்து, வெள்ளை ஆதிக்கத்தையும் எதிர்த்தேன், கறுப்பு ஆதிக்கத்தையும் எதிர்த்தேன், எல்லோரும் சமமாக வாழும் சமூகமே என் லட்சியம், தேவையானால் அதற்காகச் சாகவும் தயார் என்று முடித்தார். அந்தத் "தேவையானால்" வழக்கறிஞர் ஜார்ஜ் பிசோஸ் வற்புறுத்திச் சேர்த்தது. அது இல்லாவிட்டால் தூக்குத்தண்டனையை வலிய அழைப்பதுபோல ஆகிவிடும் என்று அவர் பயந்தார். மூன்று மணி நேர விவரம் இல்லாமல் அந்தக் கடைசி வரி மட்டும் இருந்திருந்தால் வெறும் வசனம். ஜூன் 12 அன்று ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1990 பிப்ரவரி 11 அன்று விடுதலையாகி, கேப் டவுன் நகர மன்றத்தின் முன் கூடியிருந்தவர்களிடம் அதே வரிகளைத் திரும்பச் சொன்னார். கண்ணாடியைச் சிறையில் மறந்துவிட்டதால் மனைவி வின்னியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்த உரை அது.

ஜான் கென்னடி, 1963 ஜூன் 10, வாஷிங்டனில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. எதிரே மாணவர்கள், உண்மையான கேட்பவர் மாஸ்கோவில். இரண்டாம் உலகப்போரில் சோவியத் நாடு குறைந்தது இரண்டு கோடி மக்களை இழந்ததை அமெரிக்க அதிபரே எடுத்துச் சொன்னார். எதிரியின் கையில் இருந்த புண்ணை எடுத்து மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். நாம் எல்லோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம், எல்லோருக்கும் பிள்ளைகளின் எதிர்காலம் முக்கியம், எல்லோரும் சாகப் பிறந்தவர்கள் என்ற வரிகள் அதன் மேல்தான் நிற்கின்றன. சோவியத் பத்திரிகைகள் உரையை வெளியிட்டன. ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது.

அவருடைய தம்பி ராபர்ட் கென்னடியின் பேச்சு என் கருத்தைக் கொஞ்சம் இடிக்கிறது. 1968 ஏப்ரல் 4 இரவு, இண்டியானாபொலிஸ். கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அங்கே கூடியிருந்த கறுப்பின மக்களில் பலருக்கு இன்னும் எட்டவில்லை. லாரியின் பின்புறத்தில் ஏறி நின்று, பதாகைகளைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு, செய்தியை அவரே சொன்னார். என் குடும்பத்திலும் ஒருவர் கொல்லப்பட்டார், கொன்றவன் வெள்ளைக்காரன் என்றார். அண்ணனின் சாவைப் பற்றிப் பொது மேடையில் வாய் திறக்காதவர் அவர். இதுவரை சரி, துக்கத்தைத் துக்கத்தோடு சேர்க்கிறார். அப்புறம் எஸ்கிலஸ் என்ற பழைய கிரேக்க நாடகாசிரியரின் வரிகளை நினைவிலிருந்து சொன்னார். அந்தக் கூட்டத்தின் கையில் எஸ்கிலஸ் எங்கே இருந்தார்? ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் படித்துக் காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை, தன் துக்கத்தில் தான் பிடித்துக்கொண்ட கைப்பிடியை நீட்டினார், அதனால் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அன்றிரவும் அடுத்த நாட்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் வெடித்தது. இண்டியானாபொலிஸ் அமைதியாக இருந்தது.

நம் நாட்டில் எடுப்பதென்றால் அம்பேத்கர், 1949 நவம்பர் 25, அரசியல் நிர்ணய சபை. மறுநாள் அரசியல் சட்டம் ஏற்கப்படவிருக்கிறது, எல்லோரும் வாழ்த்துப் பேசும் மனநிலை. அவர் என்ன சொன்னார்? 1950 ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த ஒரு வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வு இருக்கும் என்றார். உறுப்பினர்கள் கையில் இருந்தது அவர்களே எழுதி முடித்த சட்டம். அந்தப் பெருமையை எடுத்து, எச்சரிக்கையாகத் திருப்பிக் கொடுத்தார். உவமை குறைவு, அடுக்குமொழி குறைவு. வாசித்து முடித்ததும் வயிற்றில் ஏதோ கனக்கும்.

எட்டாம் படி: மறுநாளையும் எழுதுங்கள்

கிங் பேசிய பதினெட்டாம் நாள், செப்டம்பர் 15, பர்மிங்காமில் ஒரு தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அவர்களில் மூவரின் இறுதிச் சடங்கில் பேச வேண்டியவரும் கிங்தான். நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் 1964 ஜூலை 2 அன்றுதான் கையெழுத்தானது. அதற்குள் எத்தனையோ மறியல்கள், கைதுகள், நாடாளுமன்றத்தில் பேரங்கள். "ஒரு பேச்சு உலகை மாற்றியது" என்று நோட்டில் யாராவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

சொந்தப் பேச்சுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?

சுருக்கமாகச் சொல்கிறேன். தலைப்பு கிடைத்ததும் மேற்கோள் தேடாதீர்கள். கேட்கப்போகிறவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதி, அவர்கள் வீட்டிலும் தெருவிலும் மனதிலும் இருக்கும் பத்துப் பொருள்களை எழுதுங்கள். தலைப்போடு இழுத்துக் கட்ட முடிகிற ஒன்றை எடுங்கள். அதில் தொடங்கி, அதையே கடைசியில் கோரிக்கையோடு திருப்பிக் கொடுங்கள். நடுவில் ஊர்ப்பெயர், ஆள், எண் இல்லாத வாக்கியம் நாலு தொடர்ந்து வந்தால் இரண்டை வெட்டுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாலின சமத்துவம் என்ற தலைப்போடு என்னிடம் வந்தாள். மூன்று பக்கம் மனப்பாடம் செய்திருந்தாள், பாரதியிலிருந்து மலாலாவரை எல்லோரும் இருந்தார்கள். எல்லோரையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு மேலே சொன்ன பட்டியலை எழுதச் சொன்னேன். போட்டி நாளில் அவள் இப்படித் தொடங்கினாள்: "உங்கள் வீட்டில் கடைசித் தோசை யாருக்கு?" பிள்ளைகளை அழைத்து வந்திருந்த அம்மாக்கள் வரிசையில் சிரிப்பு எழுந்தது. தம்பிக்கு முறுகலாக ஒன்று, அப்பாவுக்குச் சூடாக ஒன்று, அம்மாவுக்கு மாவு மிஞ்சினால் ஒன்று என்று அவள் எண்ணிக்கொண்டே போனபோது சிரிப்பு மெதுவாக அடங்கியது. ஐந்தாவது நிமிடத்தில், "இன்று ராத்திரி கடைசித் தோசையை அம்மாவுக்கு நீங்கள் சுடுங்கள்" என்று சொல்லி இறங்கினாள். கொட்டாவிப் பையன் அன்றைக்கு விழித்திருந்தான்.

அவளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, கனவு கண்ட ஒரு பையனுக்கு.